எசமானின் கணக்கேட்டில் ஒரு பெயர்

எங்கள் அம்மம்மாவின் அறையில் ஒரு பெட்டகம் இருந்தது. அதற்குள்ளே மஞ்சள் துணியில் சுற்றிய ஓலைக்கட்டு ஒன்று. குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டிலே ஒரு சாதக ஓலை உண்டு. ஆண்டு, மாதம், நாள், நட்சத்திரம், நாழிகை என்று எல்லாவற்றையும் எழுத்தாணியால் கீறி வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தம் வந்தாலும் சரி, பரீட்சை வந்தாலும் சரி, அம்மம்மா என் ஓலையை உருவி எடுத்துக்கொண்டு சாத்திரியார் வீட்டுக்கு நடப்பா. “நீ பிறந்த நாழிகையும் இதிலை கிடக்கு மோனை” என்று சொல்லுவா.

தான் பிறந்த நாள் இன்னதென்று ஒருவன் அறிந்திருப்பது ஒரு சொத்து என்று அந்த வயதில் நான் எண்ணியதில்லை. அதை எனக்கு உணர்த்தியவர் ஓர் அமெரிக்கர். மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கழன்ற நிலையில் வாங்கிய அவருடைய சுயசரிதையே எனக்கு அவரை அறிமுகம் செய்தது.

நேயர்களே, அவருடைய பெயர் பிரெடெரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். இருபது வயதில் தப்பியோடியவர். பின்னர் அடிமை முறைக்கு எதிராக மேடையிலும் பத்திரிகையிலும் ஓயாது முழங்கியவர். 1863இல் ஜனாதிபதி லிங்கனை வெள்ளை மாளிகையிலே நேரில் கண்டு, கறுப்பினப் படைவீரருக்கு நீதி கேட்டவர். முதுமையில் ஹெயிட்டி நாட்டுக்கான அமெரிக்கப் பிரதிநிதியாகப் பணிபுரிந்தவர். 1845, 1855, 1881 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். மூன்று நூல்களிலும் தொடக்கத்திலேயே ஒரு குறையைச் சொல்லுகிறார்: தமக்குத் தம் வயது சரியாகத் தெரியாது.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் வயதைச் சொன்னார்கள். தமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை என்று சிறுவனாக இருந்தபோதே அவர் ஏங்கினார். எசமானிடம் கேட்பதற்கும் வழியில்லை. அடிமையொருவன் அப்படிக் கேட்பது அடங்காமையின் அடையாளம். பெரியவர்களைக் கேட்டால், விதைப்புக் காலம் என்றோ, அறுவடைக் காலம் என்றோ, செரிப் பழம் பழுக்கும் காலம் என்றோ சொல்லுவார்கள். ஆண்டு யாருக்கும் தெரியாது.

ஒரு மனிதர் தம் வேரைத் தேடிய கதையையும், அவருக்குக் கிடைக்காத விடை அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் கிடைத்த கதையையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவருக்குத் தெரிந்திருந்தவை என்ன? முதலாவது, அவருடைய பாட்டி பெட்சி. மேரிலன்டின் கிழக்குக் கரையிலே, டக்கஹோ என்ற ஓடையின் அருகில் ஒரு குடிசை. அங்கேதான் அவர் வளர்ந்தார். பெட்சி அடிமை. அவருடைய கணவர் ஐசக் பெய்லி சுதந்திரமானவர். மரம் அரிந்து பிழைத்தவர். பெட்சிக்கு ஊரிலே இரண்டு விடயங்களில் நல்ல பெயர். ஒன்று, மீன்பிடி வலை பின்னுவது. மற்றது, வத்தாளங்கிழங்கின் விதைக் கிழங்கைக் குளிர்காலத்தில் பழுதுபோகாமல் காப்பாற்றி, அடுத்த போகத்துக்கு முளைக்க வைப்பது. அவருடைய கைராசியை நம்பி அயல் பண்ணைகளில் இருந்தெல்லாம் ஆளனுப்பி அழைப்பார்களாம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிராமத்தில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தை வாசித்தபோது அந்தக் கிழவி மிகவும் தெரிந்த ஒருத்தியாகப் பட்டார்.

இரண்டாவது, அவருடைய தாய் ஹரியட். குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்னே தாயைப் பிரித்துவிடுவது அப்பகுதி எசமான்களின் வழக்கம். ஹரியட் ஏறத்தாழ 12 மைல் தொலைவிலே இன்னொரு பண்ணையில் வயல்வேலை செய்தார். பகல் முழுக்க வேலை. பொழுது பட்ட பின் நடந்து வந்து, மகனின் பக்கத்திலே படுத்து, அவன் கண் விழிக்குமுன் எழுந்து திரும்ப நடக்கவேண்டும். சூரியன் உதிக்கும்போது வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி. இப்படி அவர் வந்தது நாலைந்து தடவைகள்தான். ஒரு தடவை, சமையற்காரியால் பட்டினி போடப்பட்டிருந்த மகனுக்கு இதய வடிவான இஞ்சிக் கேக் ஒன்றைக் கொடுத்தார். தாயைக் கண்டது அதுவே கடைசி. மகனுக்கு ஏழு வயதளவில் அவர் இறந்துபோனார். சாவீட்டுக்குப் போகவும் அவனுக்கு அனுமதியில்லை. அந்த இதய வடிவத்தின் நினைவாகவே பிற்காலத்தில் பெப்ரவரி 14ஐத் தம் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார் என்பார்கள்.

தாயின் படம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. ஆனால், பிரிச்சார்ட் என்ற ஆங்கில அறிஞர் மனித இனங்களைப் பற்றி எழுதிய நூல் ஒன்றின் 157ஆம் பக்கத்திலே ஒரு முகம் இருந்தது. பண்டை எகிப்தின் மன்னன் ராம்சேஸின் உருவம் அது. அதன் சாயல் தாயின் சாயலை ஒத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மற்றவர்கள் இறந்துபோன உறவினரின் படத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பதுண்டு என்று 1855ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். பெற்ற தாயின் முகத்தை ஓர் அரசனின் முகத்தில் தேடவேண்டிய நிலை!

மூன்றாவது, தந்தை. அவர் ஒரு வெள்ளையர் என்பது மட்டுமே தெரியும். எசமான்தான் தந்தை என்று ஊரிலே காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அந்த எசமானின் பெயர் ஆரன் அந்தனி. அவர் பெரும் பணக்காரர் அல்லர். எட்வர்ட் லொயிட் என்ற பெரும் தோட்ட முதலாளியிடம் தலைமை மேற்பார்வையாளராக இருந்தவர். 1797இல் அவர் ஸ்கின்னர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பெட்சியும் பெட்சியின் பிள்ளைகளும் அந்தப் பெண்ணின் பங்காக அவருடைய கைக்கு வந்தார்கள். நம் ஊர் வழக்கில் சொல்வதானால் சீதனமாக வந்தார்கள்.

ஆறு வயதில் சிறுவனைப் பாட்டி கையில் பிடித்து, தோளில் ஏற்றி, 12 மைல் நடந்து லொயிட்டின் பெருந்தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். “மற்றப் பிள்ளைகளோடு போய் விளையாடு” என்று சொல்லிவிட்டுச் சத்தமின்றித் திரும்பினார். அது அவருக்கு இடப்பட்ட கட்டளை. 1826இல் அந்தனி இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய ஆதனம் பங்கு பிரிக்கப்பட்டது. குதிரைகள், செம்மறிகள், பன்றிகளோடு மனிதரையும் நிறுத்தி விலை மதித்தார்கள். சிறுவன் பிரெடெரிக், அந்தனியின் மருமகன் தோமஸ் ஓல்டின் பங்குக்குப் போனான்.

1838 செப்டெம்பர் 3ஆம் திகதி, கடலோடியின் உடையில், இரவல் வாங்கிய பத்திரத்தோடு அவர் புகையிரதம் ஏறித் தப்பினார். அன்று வரை அவருடைய முழுப் பெயர் பிரெடெரிக் ஓகஸ்டஸ் வொஷிங்டன் பெய்லி. பிடிபடாமல் இருக்கப் பெயரை மாற்றவேண்டி வந்தது. முதலில் ஜோன்சன் என்று வைத்துக்கொண்டார். நியூ பெட்போர்ட் நகருக்குப் போனால் அங்கே ஜோன்சன்கள் மலிந்து கிடந்தார்கள். அவருக்கு அடைக்கலம் கொடுத்தவரும் ஒரு ஜோன்சன்தான். வால்டர் ஸ்கொட்டின் ‘ஏரிச் சீமாட்டி’ காவியத்தை அப்போது வாசித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், அதில் வரும் டக்ளஸ் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். பிரெடெரிக் என்ற முதற்பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தாம் யார் என்பதற்கு ஓர் அடையாளமாவது மிஞ்சவேண்டும் என்று நினைத்தார்.

இலக்கிய அன்பர்களுக்கு இது சுவையான செய்தி. வம்சம் தேடுபவருக்கோ இது பெரிய இடர். பெய்லி என்ற பெயர் அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. உயிர் தப்புவதற்காக அதைக் கைவிட நேர்ந்தது. ஸ்கொட்லாந்துக் காவியத்தில் வரும் ஒரு பெயரை வைத்து மேரிலன்டின் அடிமைக் குடிசை ஒன்றை எவ்வாறு தேடிப் பிடிப்பது?

டக்ளஸ் தேடினார். வாழ்நாள் முழுக்கத் தேடினார்.

1877இல் அவர் வொஷிங்டன் மாவட்டத்தின் மார்ஷல் என்ற உயர் பதவியில் இருந்தார். அந்த ஆண்டு பழைய எசமான் தோமஸ் ஓல்ட் அவரைப் பார்க்க விரும்பி அழைப்பு அனுப்பினார். ஓல்ட் அப்போது நடுங்கும் கைகளோடு நோய்ப் படுக்கையில் கிடந்த கிழவர். “மார்ஷல் டக்ளஸ்” என்று மரியாதையாக அழைத்தார். பழையபடி பிரெடெரிக் என்றே கூப்பிடும்படி டக்ளஸ் சொன்னார். இருவரும் கண்கலங்கினார்கள். பாட்டி பெட்சியை முதுமையில் ஓல்ட் கைவிட்டுவிட்டார் என்று தாம் முன்னர் எழுதியது பிழை என்பதை டக்ளஸ் அங்கே ஒத்துக்கொண்டார்; பிறகு தம் நூலிலும் அதைப் பதிந்தார். அதன் பின் தம் மனதில் நெடுநாளாகக் கிடந்த கேள்வியைக் கேட்டார். நான் எப்போது பிறந்தேன்? நாள் தெரியாது, 1818 பெப்ரவரியாக இருக்கவேண்டும் என்றார் கிழவர். டக்ளஸ் அதுவரை 1817 என்று கணக்கிட்டு வைத்திருந்தார். எது சரி என்று உறுதிப்படுத்த அவரிடம் எந்த எழுத்தும் இல்லை.

மறு ஆண்டு, 1878இல், டக்கஹோ ஓடைப் பக்கம் போனார். பாட்டியின் குடிசை இருந்த இடத்தைத் தேடினார். குடிசை எப்போதோ அழிந்துவிட்டது. நினைவில் நின்ற ஒரு மரத்தை வைத்து இடத்தை மதித்து, அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வொஷிங்டன் வீட்டுக்குக் கொண்டுபோனார். 1894இல், மரணத்துக்கு முந்திய ஆண்டில், ஓல்ட் குடும்பத்தின் வழித்தோன்றலான ஒரு வைத்தியரைத் தேடிப் போனார். அப்போதும் தம் வயது பற்றியே விசாரித்தார். 1895 பெப்ரவரி 20ஆம் திகதி அவர் காலமானார். உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர் தமக்கு எத்தனை வயது என்பதை உறுதியாக அறியாமலே கண்மூடினார்.

விடை எங்கே இருந்தது? எசமான் ஆரன் அந்தனியின் கணக்கேட்டிலேதான்.

டிக்சன் பிரஸ்டன் என்ற பத்திரிகையாளர் ஓய்வு பெற்ற பின் அந்தக் கிழக்குக் கரையிலே குடியிருந்தவர். டக்ளஸின் இளமைக் காலத்தைப் பழைய ஏடுகளில் தேடி ஆராய்ந்தார். 1980இல் அவருடைய நூல் வெளிவந்தது. மேரிலன்ட் மாநிலச் சுவடிக்கூடத்தில் பேணப்படும் அந்தனியின் கணக்கேடுகளில், அவருக்குச் சொந்தமான கறுப்பர்களின் வயதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலே ஒரு வரி. ஹரியட்டின் மகன் பிரெடெரிக் ஓகஸ்டஸ். பிறந்தது 1818 பெப்ரவரி. தோமஸ் ஓல்ட் படுக்கையில் இருந்து சொன்னது சரி. டக்ளஸ் தாம் எண்ணியதைவிட ஒரு வயது இளையவர்.

தந்தை பெயர் அந்த வரியில் இல்லை. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். ஆகவே உரிமையை நிலைநாட்டத் தாயின் பெயர் போதும். கன்றுக்குப் பசுவைக் காட்டினால் போதும் என்பதுபோல. பாசத்தினால் எழுதிய வரியல்ல அது. சொத்துக்கு எழுதிய கணக்கு. அந்தக் கணக்கே இன்று அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்.

பிரஸ்டன் அத்தோடு நிற்கவில்லை. ஸ்கின்னர் குடும்பத்தின் பழைய ஆதனப் பட்டியல்களையும் கிளறினார். பெட்சி பிறந்தது 1774. ஹரியட் பிறந்தது 1792. பெட்சியின் தாய் ஜென்னி பிறந்தது 1745. அதற்கும் மேலே, 1701 அளவில் பிறந்த பேலி என்ற ஒருவரின் பெயர் கிடைத்தது. பெய்லி என்ற குடும்பப் பெயரின் மூலம் இவராகலாம் என்று பிரஸ்டன் கருதினார். ஆக, அமெரிக்கக் குடியரசு தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே அந்தக் குடும்பம் அந்த மண்ணிலே இருந்திருக்கிறது. தமக்குப் பரம்பரை என்று சொல்ல எதுவுமில்லை என்று வருந்திய மனிதருக்கு, அவரை அடிமை கொண்டவர்களின் பட்டியலிலேயே ஒரு நீண்ட வம்சாவளி கிடந்தது.

டக்ளஸ் புகழ் பெற்றவர். அதனால் அவருக்காகத் தேட ஆட்கள் இருந்தார்கள். புகழில்லாதவர்களின் கதி என்ன?

1860இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 39 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அடிமைகளாக இருந்தனர். 1850, 1860 ஆகிய இரண்டு குடிசன மதிப்பீடுகளிலும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்தார்கள். எசமானின் பெயர் எழுதப்பட்டது. அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை மட்டும். அடிமையின் பெயருக்கு அங்கே இடமில்லை. எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதலாவது மதிப்பீடு 1870ஆம் ஆண்டினதே. கறுப்பின அமெரிக்கர் தம் பாட்டன் பூட்டனைத் தேடிப் பின்னோக்கிப் போனால் 1870இலே ஒரு மதிலில் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னர் போக வேண்டுமானால் முதலில் எசமானின் பெயர் தெரியவேண்டும். பிறகு அவருடைய மரணசாதனம், ஆதனப் பட்டியல், விற்பனை உறுதி, கணக்கேடு என்று பார்க்கவேண்டும். தன் பூட்டியைக் காண்பதற்கு அவளை விற்றவனின் குடும்ப வரலாற்றைப் படிக்கவேண்டும். இந்தத் தேடலில் உள்ள பெரிய கசப்பு இதுதான்.

போதாக்குறைக்கு, 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு ஏடுகள் 1921 ஜனவரியில் வொஷிங்டன் அரசாங்கக் கட்டடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் பழுதாகின. தப்பியவை மிகச் சில.

ஆனாலும் மதிலில் சில வெடிப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று டக்ளஸோடு தொடர்புடையது. 1865இல், விடுதலை பெற்ற மக்களுக்கென ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. ஊழலாலும் தவறான கடன்களாலும் அது ஆட்டம் கண்ட நிலையில், 1874 மார்ச் மாதம் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் உண்மை நிலை அவருக்குத் தெரிந்தது. தம் சொந்தப் பணத்தில் 10,000 டொலர் கொடுத்தும் பார்த்தார். சில மாதங்களில் வங்கி மூடப்பட்டது. கூலிக்காரரும் சலவைத் தொழிலாளரும் படைவீரரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதிலே அகப்பட்டுக்கொண்டது. டக்ளஸுக்கு அது தீராத மனவேதனை.

ஆனால் அந்த வங்கி கணக்குத் திறக்கும்போது ஒரு பதிவேட்டை நிரப்பியது. படிப்பறிவு குறைந்த மக்கள் ஆதலால், ஆளை அடையாளம் காண விபரம் வேண்டும். பிறந்த ஊர் எது, முன்னாள் எசமான் யார், தாய் தந்தை யார், சகோதரர் யார், அவர்களில் யார் எங்கே விற்கப்பட்டார் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். பணம் போனது, பதிவேடு மிஞ்சியது. ஏறத்தாழ 4 இலட்சத்து 80 ஆயிரம் பெயர்களைக் கொண்ட அந்த ஏடுகளுக்கு, யூட்டா மாநிலத்திலே சிறைக்கைதிகள் பலரும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து அகராதி வரிசை தயாரித்தார்கள். 2001இல் அது வெளியிடப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் அதன் பிறகே தம் முன்னோரைக் கண்டன.

இன்னொன்று, ‘தகவல் தேவை’ என்று பத்திரிகைகளில் வந்த அறிவித்தல்கள். போர் முடிந்த 1865இல் இருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவை வந்தன. நியூ ஓர்லியன்சில் வெளிவந்த ஒரு கிறிஸ்தவ வார இதழ் இவற்றுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருந்தது. ‘தொலைந்த நண்பர்கள்’ என்பது அதன் தலைப்பு. சந்தா கட்டாதவர் 50 சதம் செலுத்தவேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் பலர் என்பதால், போதகர்கள் அவற்றைப் பிரசங்க மேடையில் நின்று உரக்க வாசிக்கும்படி கேட்கப்பட்டார்கள். தாயைத் தேடும் மகள், முப்பது வருடத்துக்கு முன் ஏலத்தில் பிரிந்த தம்பியைத் தேடும் அண்ணன். வானொலிப் பெட்டியருகே காதைத் தீட்டிக்கொண்டு, தெரிந்த பெயர் ஏதும் வருகிறதா என்று கேட்டிருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தேவாலய வாங்குகளில் இருந்தவர்களின் மனநிலையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

டக்ளஸ் குடும்பத்திலும் ஒரு மீட்சி நடந்தது. மனைவி டெக்சாசுக்கு விற்கப்பட்டதால் தானும் அவ்விடம் சென்றவர் டக்ளஸின் அண்ணன் பெரி. ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின், 1867இல், அவர் குடும்பத்தோடு தம்பியின் ரொச்செஸ்டர் வீட்டை வந்தடைந்தார். தம்பி அவர்களுக்கென ஒரு சிறு வீடு கட்டிக்கொடுத்தார்.

பிரஸ்டனின் நூலை நான் படித்து முடித்த இரவு, எனக்கு அம்மம்மாவின் பெட்டகம் நினைவுக்கு வந்தது. அந்த ஓலைக்கட்டில் சாதகங்கள் மட்டும் இருக்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்துச் சீதன ஓலை ஒன்றும் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது பெரியையா ஒருநாள் அதை எடுத்து, எங்கள் குடும்பப் பெருமையை எடுத்துச் சொல்ல உரக்க வாசித்தார். பனைவளவு, நெற்காணி, கிணற்றுப் பங்கு, ஒரு சோடி எருது. அந்த இடத்தில் ஒரு வரியை முணுமுணுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். என்னவென்று கேட்டேன். “அது பழைய காலத்துச் சங்கதி மோனை” என்றார்.

வளர்ந்த பிறகு ஒருநாள் நானே அந்த ஓலையை எடுத்துப் பார்த்தேன். எருதுக்கும் தாம்பாளத்துக்கும் நடுவே ஒரு பெண்ணும் அவளுடைய ஆண்பிள்ளையும். இருவருடைய பெயரும் இருந்தன. நம் யாழ்ப்பாணத்திலும் அடிமை முறை இருந்தது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இலங்கையில் அதை முற்றாக நீக்கியது. இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். எங்கள் வீட்டு ஓலையில் கண்டபோது கூச்சமாக இருந்தது. பெரியையாவைப்போலவே நானும் செய்தேன். ஓலையைச் சுற்றிக் கட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். மழைக்குள்ளே, பிள்ளைகளையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். பெட்டகம் வீட்டில் நின்றது. திரும்பி வந்தபோது வீட்டிலே பெட்டகமும் இல்லை, கதவும் இல்லை. அந்தச் சாதக ஓலைகளுக்காக நான் அழுதிருக்கிறேன். என் பரம்பரை போய்விட்டதே என்று பலரிடமும் சொல்லி வருந்தியிருக்கிறேன்.

ஆனால் என் பரம்பரை முழுவதும் போய்விடவில்லை. எனக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. காணி உறுதி காணிக் கந்தோரில் பதிந்திருக்கிறது. அம்மம்மாவின் பேரும் அவவின் அம்மாவின் பேரும் எனக்குத் தெரியும். முழுவதும் போனது அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைக்கும்தான். அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு எங்கள் ஓலையிலே இருந்த அந்த ஒரு வரியைத் தவிர வேறு எழுத்து இருந்திருக்குமா? அந்தனியின் கணக்கேடு ஒரு சுவடிக்கூடத்தில் தப்பியதால் டக்ளஸுக்குப் பிறந்த மாதம் கிடைத்தது. எங்கள் ஓலை தப்பவில்லை. அவளுடைய பெயரை நான் ஒருமுறை படித்தேன். எழுதி வைக்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அது நினைவுக்கு வரவில்லை. முதலெழுத்துக்கூட வரவில்லை.

அவளுடைய வழிவந்தவர்கள் எங்கள் ஊரிலேயே, அடுத்த ஒழுங்கையிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். நாளைக்கு அவர்களில் ஒருவர் படித்து, தம் முன்னோரைத் தேடி எங்கள் படலையைத் தட்டினால், கொடுப்பதற்கு என்னிடம் ஒரு பெயர் இருந்திருக்கும். நான்தான் அதைக் கட்டி உள்ளே வைத்தேன்.

நேயர்களே, உங்களில் யாருடைய வீட்டிலாவது பழைய ஓலையோ உறுதியோ இன்னும் மிஞ்சியிருந்தால், தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள். உங்கள் பாட்டன்மாரின் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். பெரியவர்கள் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போன வரியையும் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். அதிலே ஒரு பெயர் இருந்தால், ஒரு கொப்பியில் அதை எழுதி வையுங்கள்.